கம்ப்யூட்டரில் உடுக்கை அடித்தவர்

பேய் ஓட்டுகிறவர்களில் வேப்பிலையால் ஓட்டுகிறவர் உண்டு, விளக்குமாற்றால் ஓட்டுகிறவர் உண்டு, ஒரு எலுமிச்சம்பழம் போதும் என்கிற சிக்கனக்காரரும் உண்டு. கம்ப்யூட்டரால் பேய் ஓட்டியவர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் ஆரணியில் எங்கள் கடைக்குத்தான் வந்துகொண்டிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. அதைக் கல்லூரி வருகைப் பதிவைத் தவிர வேறு யாரும் உபயோகித்து நான் பார்த்ததில்லை. எங்கள் தெருவுக்கு அவர் அமாவாசை சார்.

கடை என்றால் டிசைன் சென்டர். பட்டுப் புடவையில் வருகிற மயில், மாங்காய், யானை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, தறிக்கு மேலே மாட்டுகிற ஜக்கார்டு அட்டைகளில் ஓட்டை போட்டுக் கொடுக்கிற இடம். பென்டியம் என்ற பெயரையே ஊரார் பெருமூச்சோடு சொன்ன காலம். எங்கள் முதலாளி கன்னியப்பன் அப்படி ஒன்றை வாங்கி வைத்து, காலையில் அதற்குப் பொட்டு வைப்பார், சாயங்காலம் துண்டு போர்த்துவார், மற்ற நேரத்தில் பக்கத்தில் போக மாட்டார். பக்கத்தில் போவதற்குத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார். ஆரணியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து யானை வரைகிற பெண் என்று என்னைப் பார்க்கவே சிலர் வருவார்கள். அந்தப் புகழையும் இந்த மனிதர் வந்து ஒரே மாதத்தில் தட்டிக்கொண்டு போனார்.

அமாவாசை என்றால் எங்கள் ஊரில் தறிக்கு விடுமுறை. கைத்தறியும் ஓயும், எங்கள் தெருவில் பவர்லூமும் ஓயும். மாதம் முழுக்கத் தடதடவென்று அதிர்கிற தெருவில் அன்றைக்குத்தான் காக்கா கத்துவது காதில் விழும். கரண்டும் அன்றைக்குத்தான் கரண்டு மாதிரி வரும். மற்ற நாட்களில் எதிர் ஷெட்டில் பரசுராமன் அண்ணன் மோட்டாரைப் போட்டால் எங்கள் ட்யூப்லைட் கண்ணடிக்கும்.

அப்படி ஒரு அமாவாசையன்று, தோளில் ஜோல்னாப் பையோடு ஒல்லியாக ஒருவர் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து, மேஜை மேல் இருந்த எவர்சில்வர் டம்ளரை விரலால் ஒரு சுண்டு சுண்டி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "நல்ல டம்ளருங்க" என்றார். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"மேடம், இந்த மெஷின் இன்னிக்கு சும்மாத்தானே இருக்குதுங்க? நான் ஒரு கணக்கு ஓட்டிக்கலாமா?"

கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுக்கிறவராம், டெம்பரரி. முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாராம். கல்லூரியில் கம்ப்யூட்டர் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறதாம். அதற்கு உறை போட்டு, உறை இருக்கிற அறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை ஒருவரிடம் கொடுத்து அவரை ரிட்டயர் ஆக்கிவிட்டார்களாம்.

முதலாளி குறுக்கே புகுந்தார். "இன்னா ஆராய்ச்சி சார்?"

"சாண்ட்விச்சுங்க."

"ரொட்டிக்கு நடுவுல வெங்காயம் வெப்பாங்களே, அதுவா?"

"அதே மாதிரிதாங்க. இது மேல ஒரு கார்பன் தட்டு, கீழ ஒரு கார்பன் தட்டு. நடுவுல வெங்காயத்துக்குப் பதிலா இரும்பு அணு ஒண்ணு."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். சும்மா கிடக்கிற மெஷின்தானே என்று விட்டுவிட்டோம்.

அவர் பையிலிருந்து ஃப்ளாப்பிகளை எடுத்து ஒவ்வொன்றாகச் செருகினார். ஒவ்வொன்றும் உள்ளே போகிறவரை வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். எண்களைத்தான் முணுமுணுத்தார் என்று எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் இருந்தேன். எதிரே ஷெட் வாசலில் பல் குத்திக்கொண்டிருந்த பரசுராமன் அண்ணனுக்கு அது தெரிய நியாயமில்லை. அடுத்து சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து மானிட்டர் மேல் வைத்தார். உள்ளே காவி நிறத்தில் பொடி. மூடியைத் திறந்து எனக்குக் காட்டினார். கடை முழுக்கக் கற்பூர வாசனை.

"இதுதாங்க அந்த சாண்ட்விச்சு. இதுக்குக் கற்பூர வாசனை இயற்கையிலேயே உண்டு."

கடைசியாகத் திரையில் அதன் உருவத்தை வரவழைத்தார். மேலே ஐந்து மூலைத் தட்டு, கீழே ஐந்து மூலைத் தட்டு, நடுவில் இடுப்பு ஒடுங்கின மாதிரி ஒரு புள்ளி, அதிலிருந்து இரண்டு பக்கமும் மூலைகளுக்குக் கோடுகள். பக்கவாட்டில் பார்த்தால் சாட்சாத் உடுக்கை. அதுவும் அவர் ஒரு பட்டனைத் தட்டினதும் நடுங்கி நடுங்கிச் சுற்றுகிற உடுக்கை.

அமாவாசை, முணுமுணுப்பு, காவிப் பொடி, கற்பூரம், உடுக்கை. இதற்கு மேல் எங்கள் தெருவுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? சாயங்காலம் டீக்கடைக்குச் செய்தி போய்விட்டது. ஆரணி டவுனுக்குக் கம்ப்யூட்டர் மாந்திரீகர் வந்திருக்கிறார்.

இது போதாதென்று அவரே எண்ணெய் ஊற்றினார். ஒரு நாள் கடைக்கு வந்து, "அடுத்த வாரம் மெட்ராஸ் போறேங்க. ஐ.ஆர். பார்க்கணும்" என்றார். ஐ.ஆர். என்றால் அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைப் பொருளின் மேல் விட்டால், அணுக்கள் எந்தெந்த வேகத்தில் ஆடுகின்றனவோ அந்தந்த இடத்தில் ஒளியைக் குடித்துவிடுமாம். குடித்த இடமெல்லாம் காகிதத்தில் பள்ளமாக விழுமாம். அந்த மெஷின் சென்னையில்தான் இருந்தது. ஆனால் எங்கள் முதலாளி காதில் விழுந்தது 'ஐயரு'. "மந்திரவாதியே ஐயரைப் பார்க்கப் போறாருன்னா, கேஸு முத்திப்போச்சும்மா" என்று எனக்குக் குசுகுசுத்தார்.

பெரணமல்லூர் பஸ்ஸில் நடந்ததைச் சாரே சொன்னார். அவர் ஊர் பெரணமல்லூர் தாண்டி. சட்டைப் பையில் குப்பியோடு கூட்டத்தில் நின்றிருக்கிறார். வெயிலில் வாசனை கிளம்பியிருக்கிறது. ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்திருக்கிறார். பக்கத்திலிருந்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "சாமி, பையன் எக்ஸாம் எழுதறான், கொஞ்சம் குங்குமம் குடுங்க" என்று நெற்றியை நீட்டியிருக்கிறார்.

"பூசக்கூடாதுங்க, உள்ள இரும்பு இருக்குதுன்னு சொன்னேங்க. காத்து கருப்பு அண்டாம இருக்க சாமி இரும்பு வெச்சிருக்காருன்னு பஸ்ஸே எந்திரிச்சிடுச்சு."

ஊரில் அவர் அம்மா வேறு, மகன் அணுவோட ஆட்டத்தைப் பற்றிப் பெரிய படிப்பு படிக்கிறான் என்று பெருமையாகச் சொல்லிவைக்க, கூத்து பார்த்து வளர்ந்த ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. லீவுக்குப் போகும்போதெல்லாம், "இன்னா வேஷம் கட்டிகினு இருக்கே, ராஜாவா, கட்டியக்காரனா?" என்று விசாரிப்பார்களாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உண்மையில் இந்த மனிதரின் தொல்லையே அதுதான். யார் எதைக் கேட்டாலும், கேட்டவருக்குப் புரிகிற தமிழில், உள்ளது உள்ளபடி பதில் சொல்லிவிடுவார். புரியாத இங்கிலீஷில் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் தெரு அவரைச் சும்மா விட்டிருக்கும்.

எனக்கு ஆரம்பத்தில் எரிச்சல்தான். என் யானைகளையும் மயில்களையும் மூடிவிட்டு இவர் கணக்குக்கு இடம் விட வேண்டியிருந்தது. ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் கை தானாக வேலையை நிறுத்திவிடும். உலகத்தில் அசையாத பொருள் என்று ஒன்று கிடையவே கிடையாது என்பார்.

"இந்த மேஜை சும்மா நிக்குதுன்னு நினைக்கறீங்க. உள்ள ஒவ்வொரு அணுவும் ஆடிகினு இருக்குதுங்க. எவ்ளோ குளிர வெச்சாலும் சரி, உலகத்துல இருக்கற சூட்டை எல்லாம் உறிஞ்சினாலும் சரி, கடைசி ஆட்டம் ஒண்ணு நிக்காது. அசையாம உக்காருன்னு வாத்தியாருங்க சொல்றாங்களே, அது சயின்ஸ்படி தப்புங்க."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் சோற்றுத் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அம்மா திட்டினதும்தான் சாப்பிட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் தெருவின் தறிச் சத்தம்கூட அதற்குப் பிறகு எனக்கு வேறு மாதிரி கேட்டது.

அவர் கணக்கு இதுதான். தன்னுடைய பொருளை முதலில் கம்ப்யூட்டருக்குள் கட்ட வேண்டும். அது எப்படியெல்லாம் ஆடும் என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். சொன்னது சென்னையிலிருந்து வந்த காகிதத்தின் பள்ளங்களோடு பொருந்த வேண்டும். பொருந்தினால் ஆராய்ச்சி முடிந்தது. முடியவில்லை. ஒவ்வொரு அமாவாசையும் கணக்கின் முடிவில் எண்கள் வரிசையாக வரும், முதல் எண் மட்டும் மைனஸில் வரும். ஆட்டத்தில் மைனஸ் கிடையாது. மைனஸில் வந்தால் அது நிஜத்தில் இல்லாத ஆட்டம், மாய ஆட்டம்.

"மைனஸ் வந்தா இன்னா அர்த்தம்னா மேடம், 'என்னைத் தப்பா உக்கார வெச்சிருக்கியே'ன்னு அது அழுவுதுன்னு அர்த்தம்" என்றார் ஒருமுறை. சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியிருந்தது.

அவருடைய பேராசிரியர் வேலூர்ப் பக்கம் எங்கோ இருந்தார். மேல் தட்டின் மூலை, கீழ்த் தட்டின் இரண்டு மூலைகளுக்கு நடுவே வருகிற மாதிரி கொஞ்சம் திருப்பித்தான் வைக்க வேண்டும், புத்தகத்தில் அப்படித்தான் படம் இருக்கிறது என்பது அவருடைய கட்டளை. சார் அப்படியே வைத்து வைத்து மாளவில்லை. இதற்குள் பதிவுக் காலம் முடிகிற மாதம் வந்துவிட்டது. அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இத்தனை வருட உழைப்பும் குப்பை. டெம்பரரி வேலையும் அத்தோடு போகும். அவர் குடும்பத்தில் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் வரப்பு அண்டைவெட்டி நாற்று நட்டவர்கள். கல்லூரிக்குள் பாடம் நடத்தப் போன முதல் ஆள் இவர்தான். இவர் திரும்பி வந்தால் ஊர் என்ன வேஷம் கட்டச் சொல்லும் என்று அவருக்குத் தெரியும்.

மிச்சம் இருந்தது ஒரே அமாவாசை.

அன்று அவர் டம்ளரைச் சுண்டவில்லை. திரையில் உடுக்கையை வரவழைத்து, அந்த மைனஸ் ஆட்டத்தை மட்டும் ஓடவிட்டு வெகுநேரம் பார்த்தார். மேல் தட்டு ஒரு பக்கமாகத் திரும்பப் பார்த்தது, பழைய இடத்துக்கு வந்தது, மறுபடியும் திரும்பப் பார்த்தது.

"அது எங்க போவணும்னு அதுவே சொல்லிகினு இருக்குதுங்க. நான்தான் புத்தகத்தைப் பார்த்துகினு இருந்துட்டேன்" என்றார். தட்டைத் திருப்பினார். மூலைக்கு நேர் மூலை, முகத்துக்கு நேர் முகம். பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி ஒரு தட்டு தட்டிக் கணக்கை ஓடவிட்டார்.

அங்கேதான் சிக்கல். இந்த முறை எல்லா ஆட்டத்தையும் நுணுக்கமாகப் போடுகிற பெரிய கணக்கு. அமாவாசை முடிந்தும் முடியாது, மறுநாள் சாயங்காலம் வரை போகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். எங்கள் யு.பி.எஸ். காபி ஆறுகிற நேரம் தாங்கினாலே பெரிய விஷயம். மறுநாளோ தறி ஓடுகிற நாள்.

காலையில் நான் கடைக்கு வந்தபோது பரசுராமன் அண்ணன் ஷெட்டைத் திறந்துகொண்டிருந்தார். ஆறடி ஆள், மீசை அதற்குத் தனி. ராத்திரி முழுக்கக் கடையிலேயே இருந்த அமாவாசை சார் செருப்புக்கூடப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடி, அவர் முன்னால் கைகூப்பி நின்றார்.

"அண்ணே, இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் மோட்டார் போடாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"இன்னா சார், வெள்ளிக்கிழமை முகூர்த்தப் புடவை தறியில கீது. ஜல்தியா அறுத்துக் குடுக்கணும்."

"ரொம்ப நாளா ஒரு மாயம் ஒட்டிகினு இருந்துதுங்க. நேத்துதான் திருப்பி உக்கார வெச்சு ஓட்டிகினு இருக்கேன்."

அண்ணன் எங்கள் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "இப்ப... எங்க கீது அது?"

"உள்ளதாண்ணே. கம்ப்யூட்டர்ல."

"பாதியில நின்னா இன்னா ஆவும்?"

பொய் சொல்லத் தெரியாத மனிதர் இல்லையா? "பாதியில நின்னா ஒண்ணுமே மிஞ்சாதுண்ணே. எல்லாம் அழிஞ்சிடும்."

"எல்லாம்னா?"

"எல்லாமேதான்."

நான் ஓடிப்போய், "அண்ணே, அவர் சொல்றது கணக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"கணக்கு தீர்க்கறதுதான்னு எனக்குத் தெரியாதாம்மா? நீ சும்மா இரு!"

ஷெட்டை இழுத்துப் பூட்டினார். தெரு நடுவில் நின்று, "இன்னிக்குப் பாட்டிமை! பாட்டிமையில தறி தொட்டா குடும்பத்துக்கு ஆவாது! எவனும் மோட்டார் போடாதே!" என்று ஒரு கத்து கத்தினார். அமாவாசைக்கு மறுநாள் பாட்டிமை, நல்ல காரியத்துக்கு ஆகாது என்பது ஊரறிந்த சாஸ்திரம்தான். ஆனால் தறி ஓட்ட அதை யாரும் பார்த்ததில்லை. இரண்டு ஷெட் தள்ளி ஒருவர் தலையை நீட்டினார்.

"போன மாசம் பாட்டிமையில ஓட்டினோமே?"

"ஓட்டினதாலதான் இன்னிக்கு இந்தப் பேஜாரு!"

நீட்டின தலை உள்ளே போனது. தெருவே அடங்கியது. அண்ணன் வீட்டு அண்ணி வந்து எங்கள் வாசலில் வேப்பிலை செருகிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். முதலாளி, கடையை என் பொறுப்பில் விட்டுவிட்டு, டீக்கடையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். நெசவாளிகள் எல்லாரும் அவரவர் வாசலில் உட்கார்ந்து எங்கள் கடையையே பார்த்தார்கள். உள்ளே சார் திரையைப் பார்த்தார். திரையில் எண்கள் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. முகூர்த்தப் புடவை தறியிலேயே காத்திருந்தது.

வெயில் சாய்ந்த நேரத்தில் வரிசை நின்றது. முடிவுகள் வந்தன. சார் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டுவிட்டார்.

"மேடம், முதல் எண் இன்னான்னு நீங்களே பாருங்க."

பார்த்தேன். ப்ளஸ். சின்ன எண்தான், ஆனால் ப்ளஸ். சொன்னேன். அவர் கண்ணைத் திறக்காமலே இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன்.

பிறகு சென்னைக் காகிதத்தை மேஜையில் விரித்தோம். திரையில் இருக்கிற எண்ணை நான் படிப்பேன், அவர் காகிதத்தில் விரல் வைப்பார். விரல் போன இடத்தில் பள்ளம் இருக்கும். அடுத்த எண், அடுத்த பள்ளம். கம்ப்யூட்டர் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுமாம், அதை ஒரே கணக்கில் கழித்துக்கொண்டே போனார். தட்டு சாய்கிற ஆட்டம், தட்டும் இரும்பும் நீண்டு சுருங்குகிற ஆட்டம், ஓரத்து ஹைட்ரஜன் துள்ளுகிற ஆட்டம். சென்னையில் ஒரு மெஷின் ஒளியை விட்டுக் கண்டுபிடித்ததை, ஆரணியில் மயில் வரைகிற மெஷின், பொருளைக் கண்ணால் பார்க்காமலே, வெறும் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த மெஷினில் இத்தனை நாள் நான் யானைக்கு வால் வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

வாசலில் நிழல் ஆடியது. பரசுராமன் அண்ணன், அவர் பின்னால் தெரு. சார் எழுந்து எல்லாரையும் உள்ளே அழைத்தார். திரையில் உடுக்கை மெல்ல ஆடியது. நேருக்கு நேர் இரண்டு தட்டுகள், மூச்சு விடுகிற மாதிரி. ஒருவர் கைகூப்பினார். தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, என் கையும் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருந்தது.

"போயிடுச்சா சார்?" என்று அண்ணன் தணிந்த குரலில் கேட்டார்.

"எங்கயும் போவலைண்ணே. சரியா உக்கார வெச்சதும் அமைதியாயிடுச்சு."

அண்ணன் இதை நன்றாக யோசித்தார். பிறகு தெருவைத் திரும்பிப் பார்த்து, "பார்த்துக்கோங்க. சின்ன ஆளுங்க அடிச்சு ஓட்டுவாங்க. பெரிய ஆளுங்க உக்கார வெச்சிடுவாங்க" என்றார். இன்று வரைக்கும் அவர் அதைத்தான் நம்புகிறார். நானும் மறுத்துப் பேசுவதில்லை.

பேராசிரியர் புத்தகத்தையும் எண்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் எண்களுக்குக் கையெழுத்துப் போட்டாராம். ஆய்வேடு கெடுவுக்குள் போய்ச் சேர்ந்தது. சார் டாக்டர் ஆனார். தெற்கே ஒரு அரசுக் கல்லூரியில் வேலையும் கிடைத்தது. தெரு முழுக்க லட்டு கொடுத்தார். பரசுராமன் அண்ணன் அதைச் சாமிக்குப் படைத்துவிட்டுத்தான் தின்றார்.

அவர் போன பிறகு வந்த அமாவாசை எனக்குப் பிடிக்கவில்லை. மெஷின் சும்மா இருந்தது. டம்ளரும் சும்மா இருந்தது. வேறு வேலை ஓடாமல் கட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு புடவை உடம்பு முழுக்க இறைகிற புட்டா ஒன்று வரைந்தேன். மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு, நடுவில் ஜரிகைப் பொட்டு. மூலைக்கு நேர் மூலை இருக்கிறதா என்று பலமுறை சரிபார்த்தேன். பரசுராமன் அண்ணன் பார்த்தவுடனே அட்டையை வாங்கிக்கொண்டு போய்த் தறியில் ஏற்றினார். உடுக்கை புட்டா என்று பெயரும் அவரே வைத்தார். சேத்துப்பட்டு, முள்ளிப்பட்டு என்று சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போன பெண்களுக்கு, தங்கள் உடம்பு முழுக்க எது ஆடிக்கொண்டிருக்கிறது என்று தெரியாது.

என் கல்யாணத்துக்கும் அதே புடவைதான். பத்திரிகை அனுப்பியிருந்தேன், வருவார் என்று நினைக்கவில்லை. மொய் வரிசையில் அதே ஜோல்னாப் பையோடு நின்றார். மேடைக்கு ஏறினார். அட்சதை போட வேண்டியவர் சட்டென்று குனிந்து, என் முந்தானை ஓரத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்துவிட்டார். போட்டோக்காரர் தவித்தார். மாமியார் பயந்தார். என் வீட்டுக்காரர், யார் இது என்று கண்ணால் கேட்டார்.

சார் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் இரண்டு பேர் தலையிலும் அரிசியைப் போட்டார்.

"நேருக்கு நேரா உக்கார வெச்சிருக்கீங்க மேடம். மைனஸ் எதுவும் வராதுங்க."

அன்று மேடையேறிப் பதினாறும் பெற்று வாழச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். பதினாறு என்னென்ன என்று எனக்கு இன்றும் தெரியாது. அர்த்தம் புரிந்து, கண் நிறைந்து நான் வாங்கிக்கொண்டது அந்த ஒரு ஆசீர்வாதத்தைத்தான்.